பசளையும் மரமும் கேளாத நிலம்: நெடுந்தீவுத் தரவையும் அதன் பூக்களும்

ஆவணியில் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் பெருக்கமரம், குதிரை, வெடியரசன் கோட்டை, கல்வேலி என்று நாலைச் சொல்லிவிட்டு, "அங்கால தெற்கே போனால் ஒண்டுமில்லை, வெறும் வெளி" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று மாதக்கணக்காக அடித்து ஓய்கிற அந்த நேரத்தில் நிலம் காவோலை நிறத்தில் கிடக்கும். கல் தெரியும், மாட்டின் விலா எலும்பு தெரியும். அதே இடத்தில் மார்கழிக் கடைசியில் நின்றால் காலை எங்கே வைப்பது என்று பார்த்துத்தான் நடக்கவேண்டும். ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள்ளே விஷ்ணுகிரந்தியின் நீலம், சிறுபுள்ளடியின் ஊதா, செப்புநெருஞ்சிலின் செம்மை, நெருஞ்சியின் மஞ்சள், தும்பையின் வெள்ளை எல்லாம் இருக்கும். பெரும்பாலானவை கணுக்கால் உயரத்தைத் தாண்டாது.

தரவை என்று இதற்குப் பெயர். தீவுப்பகுதியிலும் வன்னியிலும் கிழக்கிலும் இன்னமும் வாயில் புழங்குகிற சொல். உழவு ஏறாத, வேலி அடைக்காத, மாரியில் புல் முளைத்து மாடு மேய்கிற திறந்த வெளிதான் தரவை. அலுவலகக் கடதாசியில் ஏறியதும் இதே நிலம் "தரிசு" ஆகிவிடும். தரிசு என்று எழுதினால் அதைத் திருத்த யாராவது வெளிக்கிடுவார்கள். மரம் நடுவார்கள், மண் கொட்டுவார்கள், எரு போடுவார்கள். தரவையின் பூக்கள் அந்த நிலத்தின் வறுமையில் இருந்துதான் வருகின்றன. நிலம் கொழுத்தால் முதலில் போவது பூ.

நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயர் நிலம் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே ஆண்டில்தான் 1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளமும் தேசிய பூங்காவாகத் தரம் உயர்ந்தது. நெடுந்தீவைப் பூங்காவாக்கியபோது எல்லோர் வாயிலும் இருந்தது குதிரை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டு, ஆங்கிலேயர் கைவிட்ட பிறகு கட்டாக்காலியாகிப்போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. குதிரையைக் காப்பாற்றப் போய்ப் புல்வெளியையும் சேர்த்துக் காப்பாற்றினோம் என்று சொல்லலாம். ஆனால் புல்வெளிக்கு என்ன வேண்டும் என்று தனியாக யோசித்தவர்கள் குறைவு.

மண்ணின் கதை

தீவு முழுக்கச் சுண்ணக்கல். தெற்கிலும் மேற்கிலும் பல இடங்களில் கல்லுக்கு மேலே விரற்கடை அளவு மண்தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. குடாநாட்டு மழை வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மெல்லிய மண் அதைப் பிடித்துவைக்காது. வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கும் நீர், கடல்நீருக்கு மேலே மிதக்கிற நன்னீர்ப் படலத்தில் போய்ச் சேரும். தீவின் கிணறுகள் அந்தப் படலத்தை நம்பியவை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வரும்.

இப்படிப்பட்ட மண்ணில் ஒரு செடி ஆறு மாதத்துக்கு மேல் நிம்மதியாக வாழ முடியாது. எனவே இங்கே இரண்டு வகைச் செடிகள்தான் தாக்குப்பிடிக்கும். ஒன்று, மழைக்கு முளைத்து எட்டுப் பத்துக் கிழமையில் பூத்துக் காய்த்து விதையாகிவிடுவது. மற்றது, கல் வெடிப்புக்குள் ஆழமாக ஆணிவேர் விட்டு, கோடையில் மேலே காய்ந்து கீழே உயிர் வைத்திருப்பது. விஷ்ணுகிரந்தி, ஓரிதழ்தாமரை போன்றவை இரண்டாம் வகைக்குக் கிட்டவானவை. அகன்ற இலையோடு உயர்ந்து வளரும் புல்லுக்கு இங்கே வழியில்லை, அதனால்தான் சிறிய பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. வளமான தோட்டக் காணியை ஒரு மாரி உழாமல் விட்டுப் பாருங்கள். நாலைந்து வகைக் களை இடுப்பளவுக்கு எழும்பி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கே வளம் கூட, வகை குறைவு.

இந்த மண்ணில் முளைக்கும் ஒரு செடிக்கு ஒருகாலத்தில் பொன்விலை. சாயவேர். விரல் நீளத்துக்கு எழும்பும் சிறு செடி, ஊசி இலை, கொத்தாய்ச் சின்ன வெள்ளைப் பூ. அதன் நீண்ட மெல்லிய வேரிலிருந்து துணிக்குச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மணல் கலந்த வறண்ட தரைகளில் தானாக முளைத்த வேருக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் தனியுரிமையாக வைத்திருந்து சோழமண்டலக் கரை நெசவாளர்களுக்கு அனுப்பினார்கள். வேர் கிண்டுவதற்கென்றே ஒரு மக்கள் கூட்டம் கட்டாய ஊழியத்தில் இருந்தது. இன்று செடியைக் காட்டினாலும் பெரும்பாலானோருக்குப் பெயர் தெரியாது. இதே நிலத்தைத்தான் இப்போது "ஒண்டுமில்லை" என்கிறோம்.

கரையிலிருந்து உள்ளே

தரவை ஒரே மாதிரியான ஒன்றல்ல. கடற்கரையிலிருந்து உள்ளே நூறு இருநூறு அடி நடந்தாலே நாலு வேறு உலகம் கடந்துபோகும்.

மணல் உள்ள கரையில் முதலில் அடம்பன். ஊதாப் புனல் பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குப் பிறகு வாடும். அதன் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொன்னவர்கள் கடற்கரையில் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதோடு இராவணன் மீசை. ஊசி முனைப் புல், காய்ந்த பந்து காற்றில் உருண்டு போகும்போது விதையையும் கொண்டுபோகும். நெடுந்தீவில் இந்த மணற்பட்டை ஒடுங்கியது. இதன் அகலமான வடிவத்தைப் பார்க்க வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுக்கும் சுண்டிக்குளத்துக்கும் போகவேண்டும். மணற்காட்டில் சவுக்கு நட்ட இடத்தையும் நடாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சவுக்கின் கீழே சருகு மெத்தை, அதில் ஒரு பூவும் இல்லை. வெளியே மணலில் அடம்பன் படர்ந்து கிடக்கும். சவுக்கு மணலைக் கட்டுகிறது என்பது உண்மை. ஆனால் மணற்றிட்டிக்கே உரிய செடிகளையும் கூடவே அழிக்கிறது.

அடுத்தது உவர்த்தரை. கடல்நீர் ஏறி வற்றுகிற பள்ளங்களில் உமரிதான் அரசன். மாரியில் பச்சை, கோடையில் சிவப்பு. உமரி நிற்கிற இடத்தில் வேறெதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சாண் உயரம் கூடினால் உவர்ப்புல்லும் அறுகும் தொடங்கும். அந்த ஒரு சாண் உயர வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தெருப்போட அல்லது வாய்க்கால் வெட்ட என்று அந்த மட்டத்தை மாற்றினால், உப்பு போகும் வழி மாறி, அடுத்த இரண்டு மாரிக்குள் செடிகளின் எல்லையும் மாறிவிடும்.

அதற்கும் உள்ளே கல்நிலத் தரவை. பூவின் பெரும்பகுதி இங்கேதான். சிறுபுள்ளடியும் செப்புநெருஞ்சிலும் நிலத்தோடு ஒட்டிப் பாயாகப் படரும். இரண்டும் அவரைக் குடும்பம், வேர் முடிச்சில் காற்றின் நைதரசனைக் கட்டிவைப்பவை. அதனால் பசளை இல்லாத மண்ணிலும் தாங்களே பிழைத்துக்கொள்ளும். இவற்றுக்கு இடையே விஷ்ணுகிரந்தி, ஒற்றை ஊதா இதழை நீட்டும் ஓரிதழ்தாமரை, கிலுகிலுப்பை, நத்தைச்சூரி, தேங்காய்ப்பூக்கீரை என்று நாங்கள் சொல்லும் சிறுபூளை. நெருஞ்சிப் பூ காலையில் கிழக்கே பார்த்து, சூரியனோடு கூடவே திரும்பும். அந்தச் செடியில் முட்டையிடும் நகக்கண் அளவு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. செருப்பில் முள் ஏறியவர்கள் நெருஞ்சியைத் திட்டுவார்கள். திட்டட்டும், பிடுங்காமல் விட்டால் போதும்.

நாலாவது, பள்ளங்களில் தேங்கும் மாரித் தண்ணீர். இதில் பூ வருவது தண்ணீர் வற்றும்போது. மாசி பங்குனியில் நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈர விளிம்பில் பொடுதலை பூக்கும், நீர்முள்ளி ஊதாவாக நிற்கும். வெடித்த சேற்றில் செருப்படை கையை விரித்ததுபோலப் படரும். வெளி முழுக்கக் காய்ந்த பிறகு தேனீக்கு இருக்கிற கடைசிச் சாப்பாடு பொடுதலைதான். குளத்தைத் தூர்வாரும்போது கரையைச் செங்குத்தாக வெட்டினால் இந்த விளிம்பு இல்லாமல் போகும். ஓர் அடி இறங்குவதற்கு எட்டுப் பத்து அடி நீளம் என்ற சரிவை ஒரு பக்கமாவது விட்டுவைக்க வேண்டும். தோண்டிய மண்ணைப் பக்கத்துத் தரவையில் கொட்டுவது இன்னொரு கேடு. ஒரு உழவியந்திரப் பெட்டி மண் விழுந்த இடத்தில் முளைப்பது தரவைச் செடி அல்ல, பற்றைதான்.

கல்வேலிகளையும் இதில் சேர்க்க வேண்டும். சாந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலியின் வடக்குப் பக்கத்தில் நிழலும் ஈரமும் ஒரு கிழமை கூடுதலாக நிற்கும். கார்த்திகைப்பூக் கொடி பெரும்பாலும் இந்த வேலியோரத்தையும் பற்றையையும் பிடித்துத்தான் ஏறும். அதன் கிழங்கு வளைந்த கலப்பை வடிவம், முளைக்கும் கண் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்றுதான். நுனி உடைந்தால் அந்தக் கை செத்ததுதான். அழகுக்காகக் கிண்டிக் கொண்டுபோகிறவர்கள் பலவற்றை இப்படியே கொல்கிறார்கள். கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லிவைப்போம்.

மூன்று வாய்கள்

தரவையை ஆக்குவதும் அழிப்பதும் மேய்ச்சல். எந்த மிருகம் எப்படிக் கடிக்கிறது என்று தெரியாமல் "மேய விடலாமா, கூடாதா" என்று வாதம் பண்ணுவதில் பயனில்லை.

குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர் வரைக்கும் புல்லைக் கத்தரித்துவிடும். மாட்டுக்கு மேல்வாயில் வெட்டுப்பல் இல்லை. நாக்கால் சுற்றி இழுக்கும், ஐந்து சென்ரிமீற்றருக்குக் கீழே அதற்குக் கஷ்டம். ஆடு பற்றையையும் கொழுந்தையும் தேடிப்போகும். குதிரைக்கு இன்னொரு பழக்கம்: ஒரு பக்கத்தில் சாணமிடும், அங்கே மேயாது. அதனால் குதிரை மேய்ந்த வெளி, ஒட்ட வெட்டிய திட்டும் வளரவிட்ட திட்டுமாக மாறிமாறி இருக்கும். ஒட்ட வெட்டிய திட்டில் சிறுபுள்ளடியும் விஷ்ணுகிரந்தியும், வளர்ந்த திட்டில் துத்தியும் தும்பையும். மாடு மட்டும் மேய்ந்த இடத்தில் இந்த மாறாட்டம் இவ்வளவு துலக்கமாக இராது. குதிரை இந்தத் தரவைக்கு வேண்டியதுதானா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டியதுதான், ஆனால் எண்ணிக்கை நிலத்துக்குள் அடங்க வேண்டும்.

எவ்வளவு அடங்கும் என்பதை இப்படிக் கணக்குப் பார்க்கலாம். ஊர் மாடோ இந்தச் சிறு குதிரையோ உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு உலர்தீனி ஒரு நாளைக்குத் தின்னும். 200 கிலோ மிருகத்துக்கு நாலைந்து கிலோ. தண்ணீர் 20 முதல் 30 லீற்றர், வெயிலில் இன்னும் கூட. மாரியில் தீனி தாராளம், தண்ணீரும் தாராளம். சித்திரை முதல் ஆவணி வரை இரண்டுமே இல்லை. வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் சாவது இதனால்தான். தண்ணீர்த்தொட்டி வைப்பது அவசியம், ஆனால் எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. தொட்டியைச் சுற்றி மிருகங்கள் கூடும், குளம்பில் நிலம் பொடியாகும், சாணம் குவியும். ஒரே தொட்டி என்றால் அதைச் சுற்றிய வெளி முழுக்க வெறுமண்ணும் எருக்குமாகிவிடும். இரண்டு மூன்று தொட்டியை ஏற்கனவே கெட்டுப்போன தரைகளில் வைத்து, ஆண்டுக்காண்டு மாற்றி மாற்றித் திறப்பது நல்லது. பூ அடர்த்தியாக உள்ள கல்நிலத்துக்கு நடுவே தொட்டி கட்டவே கூடாது.

நேரமும் முக்கியம். விதை விழுவது தை நடுவிலிருந்து பங்குனி வரை. அந்த இரண்டு மாதத்திலும் முழுப் பட்டியையும் ஒரே வெளியில் விட்டால் அடுத்த வருடத்துக்கு விதை மிஞ்சாது. வெளியை மூன்றாகப் பிரித்து, ஒரு வருடம் ஒரு பங்கைப் பங்குனி முடியும்வரை ஓயவிட்டால் போதும். சித்திரைக்குப் பிறகு அங்கேயும் மேயலாம், மேயத்தான் வேண்டும். காய்ந்த புல் அடுத்த மாரிவரை கிடந்தால் அதன் கீழே முளைக்கு வெளிச்சம் கிடைக்காது. இதற்குத் தீ வைப்பது சுலபமான வழி போலத் தெரியும். கல்நிலத்தில் தீ மேல்மண்ணிலுள்ள விதையையும் சேர்த்துச் சுட்டுவிடும், மிஞ்சிய மண்ணைச் சோளகம் அள்ளிக்கொண்டு போகும்.

சாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாணி வண்டு அதை உருட்டிப் புதைப்பதால்தான் சத்து ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. மாட்டுக்குக் குடற்புழுவுக்காக ஐவர்மெக்டின் ஊசி போட்டால் பல நாட்களுக்குச் சாணத்தில் அந்த மருந்து இருக்கும், வண்டின் குஞ்சுகள் சாகும். மருந்து போடாதே என்று சொல்லவில்லை. போட்டபின் இரண்டு மூன்று கிழமை வளவில் கட்டி வைத்துவிட்டுத் தரவைக்கு விடலாம்.

எங்கே பிழைக்கிறது

முதலாவது, நல்லெண்ணத்தோடு நடக்கும் மரநடுகை. இதில் எங்களுக்குக் கோபமே உண்டு. இரண்டடிக்கு இரண்டடி குழி, அதற்குள் வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண், எரு, ஒரு கன்று, ஒரு படம். கல்நிலத்தில் அந்தக் குழி ஒரு பூச்சாடிதான். வேர் வெளியே போகாது. ஆடி மாதம் கன்று கருகிவிடும். குழியும் எருமண்ணும் மிஞ்சும், அடுத்த மாரியில் அதிலிருந்து தரவைக்குச் சொந்தமில்லாத களை பரவும். தப்பித்தவறி மரம் பிழைத்தாலும் ஆபத்துத்தான். திறந்த வெளியில் தரையில் கூடு கட்டும் ஆட்காட்டியும் வானம்பாடியும் மரத்தை விரும்பாது, ஏனென்றால் மரத்தில் காகம் இருக்கும். மரம் வேண்டுமென்றால் ஊர்மனைப் பக்கம், தெருவோரம், வளவுக்குள் நடுங்கள். பூவரசுக்கும் வேம்புக்கும் அங்கே இடம் இருக்கிறது.

இரண்டாவது, அந்நியச் செடிகள். குடாநாட்டில் 1980களின் பிற்பகுதியிலிருந்து பார்த்தீனியம் பரவியது. மழைக்கு முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். மண் ஏற்றிய வாகனத்தின் சில்லிலும், எருவிலும், நாற்றுப் பையிலும்தான் அது புது இடத்துக்குப் போகும். பிடுங்க ஏற்ற நேரம் முளைத்து மூன்றாம் கிழமை, மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு. கையுறை போடாமல் தொட்டால் தோலில் அழற்சி வரும். பூத்த பிறகு பிடுங்கினால் பையில் கட்டித்தான் அகற்ற வேண்டும், அசைக்கிற அசைப்பில் விதை கொட்டிவிடும். உப்புக் கரைசல் தெளித்தால் கருகும் என்பது தெரிந்த வைத்தியம்தான். தெருவோரத்துக்கு அது சரி. கல்நிலத் தரவையில் உப்புத் தெளிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி.

சீமைக்கருவேல் வேறு மாதிரி எதிரி. மன்னார்ப் பக்கம், வங்காலைச் சரணாலயம் உட்பட, திறந்த உவர்வெளிகளை அது எப்படி மூடுகிறது என்று பார்க்கலாம். மாடு காயைத் தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடு விழும், சாணமே அதற்கு நாற்றுமேடை. நிலமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் தளிர்க்கும். மண்வெட்டியால் ஒரு அடி ஆழம் தோண்டி வேர்த்தலையோடு எடுக்க வேண்டும். கன்றாக இருக்கும்போது ஒரு ஆள் ஒரு நாளில் செய்யும் வேலை, மூன்று வருடம் கழிந்தால் இயந்திரத்துக்கு உரியதாகிவிடும்.

மூன்றாவது, வாகனம். வெளி தட்டையாக இருப்பதால் எங்கேயும் ஓடலாம் போலத் தோன்றும். மாரியில் ஒரு தடவை ஓடிய சில்லுத் தடம் பல வருடம் அழியாமல் நிற்கும், ஏனென்றால் அமுங்கிய மெல்லிய மண்ணை மீண்டும் பொலபொலப்பாக்க அங்கே ஆழமான வேரும் இல்லை, மண்புழுவும் குறைவு.

ஆவரசையும் எருக்கையும் இந்த எதிரிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இரண்டையும் மிருகங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. எனவே அவை திடீரென்று கூடினால் மேய்ச்சல் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஆவரசம் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் சிறு துளை வழியாகத்தான் வரும். பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து அதிரவைத்தால்தான் கொட்டும். அந்த வண்டு பட்ட மரத்தில் துளையிட்டுக் கூடு வைப்பது. தரவையோரத்தில் கிடக்கிற பட்ட மரத்தை எல்லாம் விறகுக்கு அள்ளினால் ஆவரசு பூத்தும் காய்க்காது.

எண்ணிப் பார்க்கிற முறை

ஒரு வெளி நன்றாக இருக்கிறதா, கெடுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் மழையைத்தான் அளந்ததாக முடியும். நிலத்தில் ஒரு சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ண வேண்டும். அரை அங்குலப் பிவிசி குழாயில் ஒவ்வொரு மீற்றர் நீளத்தில் நாலு துண்டு, நாலு மூலை எல்போ, ஒட்டாமல் சொருகினால் தோள்பையில் கொண்டுபோகலாம். 200 மீற்றர் நேர்கோட்டில் பத்து மீற்றருக்கு ஒரு தரம் சட்டத்தை வைத்தால் இருபது சட்டம். பூ அழகாக இருக்கிற பக்கம் கை தானாகவே சாயும். அதற்கு இடம் கொடுக்காமல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சு விழுந்த இடத்தில் வையுங்கள்.

ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் வகைகளின் பெயர், ஒவ்வொன்றும் மூடிய பங்கு, வெறுமண் பங்கு, கல் பங்கு, சாணம் உண்டா இல்லையா, ஐந்து இடத்தில் புல்லின் உயரம். சிறுபுள்ளடி போலப் பாயாகப் படர்வதை எத்தனை செடி என்று எண்ணப் போகாதீர்கள், அது ஒன்றா நூறா என்று யாராலும் சொல்ல முடியாது. மூடிய பங்கை எழுதினால் போதும். பெயர் தெரியாததற்கு "நீலப்பூ 2" என்று குறித்து நாலு படம்: முழுச்செடி, இலையின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டு, தண்டு மண்ணைத் தொடும் இடம். ஒன்றிலாவது ஐந்து ரூபாய்க் குற்றி இருக்கட்டும், அளவு தெரிய.

மாரியில் இரண்டு தரம் எண்ண வேண்டும். மார்கழி நடுவில் ஒன்று, மாசிக் கடைசியில் ஒன்று. ஒரே தரம் எண்ணுகிறவர்கள் வற்றும் குளத்து விளிம்பின் செடிகள் முழுவதையும் தவறவிடுகிறார்கள். கால்பங்குக்கு மேல் வெறுமண் இருந்து, நெருஞ்சியும் எருக்கும் கூடியிருந்தால் மிருகம் அதிகம். புல் ஒரு சாணுக்கு மேல் எழும்பி, வகைகள் சட்டத்துக்கு நாலைந்தாகக் குறைந்திருந்தால் மிருகம் போதாது அல்லது எங்கிருந்தோ சத்து சேர்கிறது. தேசிய பூங்காவுக்குள் இதைச் செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். செடி பிடுங்குவதும் விதை எடுப்பதும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம்.

விதை வேண்டுமென்றால் உங்கள் ஊர்த் தெருவோரத்திலும் சொந்தக் காணியிலும் எடுங்கள். ஒரு பரப்புக் காணி, அதாவது ஏறக்குறைய 253 சதுர மீற்றர், தரவையாக மாற அரைக் கிலோ கலப்பு விதை போதும். அதைப் பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து எறிந்தால் சீராக விழும். உழக் கூடாது, எரு கூடாது. வாருகோலால் கீறிவிட்டு மேலாக எறிந்து காலால் மிதித்தால் சரி, அரைச் சென்ரிமீற்றருக்குக் கீழே போன சிறு விதை முளைக்காது. துத்தி, ஆவரசு, கிலுகிலுப்பை விதைக்கு ஓடு கடினம். மண்கடதாசியில் தேய்த்து ஓரிரவு ஊறவையுங்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தேய்க்காமலே சேருங்கள். புரட்டாதியில் ஒரு பொய்மழை பெய்து எல்லாம் முளைத்துக் கருகினாலும் அந்தப் பங்கு மண்ணில் காத்திருக்கும். எறும்பும் புறாவும் பங்கு கேட்கும் என்பதால் விதையைப் பாதியாக்கி, ஒன்றை மழைக்கு முன்னும் மற்றதை இரண்டாம் மழைக்குப் பின்னும் எறிவது புத்தி. சித்திரையில் ஒரு பசுவை ஐந்து மீற்றர்க் கயிற்றில் கட்டினால் 78 சதுர மீற்றர் மேயும். நாலு இடத்தில் முளையை மாற்றினால் பரப்பு முடிந்தது. கிலுகிலுப்பை கூடுதலாக இருந்தால் முதலில் அதை அறுத்து எடுத்துவிடுங்கள், அதிகம் தின்றால் மாட்டின் ஈரலைக் கெடுக்கும். காய்ந்த கிலுகிலுப்பைத் தண்டை மொய்க்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு மட்டும் அந்த நஞ்சுதான் தேவை, அதை உறிஞ்சித்தான் இணையைக் கவரும் மணத்தை ஆக்குகின்றன.

கடைசியாகப் போகிறவர்களுக்கு. மார்கழி, தை மாதங்களில் வாடைக் கடல் கொஞ்சம் கரடு, குறிகாட்டுவான் துறையிலிருந்து படகு ஓடுமா என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், தீவின் தண்ணீர் தீவாருக்கே போதாது. பெருக்கமரத்தடியில் படம் எடுப்பவர்கள் சுற்றிலும் மிதித்து மண்ணைச் சீமெந்துபோல ஆக்கியிருப்பார்கள், அங்கே பூ தேட வேண்டாம். காலைப் படகில் போனால் விஷ்ணுகிரந்தியும் அடம்பனும் விரிந்திருக்கும், பத்து மணிக்கு நெருஞ்சி உச்சத்தில் இருக்கும். துத்தி மட்டும் மொட்டாகவே நிற்கும். அது பின்னேரம்தான் விரியும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் திரும்புகிற படகை விட்டுவிட்டு அன்றிரவு தீவில் தங்கத்தான் வேண்டும்.